இரண்டாம் வாயில்

ஆற்றைக் கடக்க விரும்புவோர் அனைவரும் ஒரே துறையில் ஓடம் ஏறுவதில்லை. ஒரு துறையில் ஓடம் நிறைந்துவிட்டால், சற்றுத் தொலைவு நடந்து மற்றொரு துறையில் ஏறிக் கரை சேர்வாரும் உளர். உயர்கல்வியும் இத்தகையதே. பள்ளியில் பெற்ற மதிப்பெண்கள் மாணவரை ஏதேனும் ஒரு கல்லூரியின் வாயிலில் கொண்டு சேர்க்கின்றன. அவ்வாயிலே அவருக்கு இறுதியானதா? பதினேழு வயதில் கிடைத்த தீர்ப்பு மாற்ற முடியாததா? இவ்வினாக்களுக்கு அமெரிக்க நாட்டில் கண்ட விடைகளுள் ஒன்று, கல்லூரி மாற்றம் என்னும் முறையாகும்.

ஒரு கல்லூரியில் சேர்ந்து ஓராண்டோ ஈராண்டோ பயின்ற மாணவர், அங்குப் பெற்ற கல்வியை இழந்துவிடாமல், வேறொரு பல்கலைக்கழகத்திற் சேர்ந்து பட்டப்படிப்பைத் தொடர்வதே கல்லூரி மாற்றம் எனப்படும். குடும்பம் ஊர் மாறியதால் மாறுவோர் சிலர். விரும்பிய பாடம் தம் கல்லூரியில் இல்லாமையால் மாறுவோர் சிலர். பள்ளி முடித்தபோது இடம் கிடைக்காத, புகுவதற்கு அரிய பல்கலைக்கழகத்தில் மீண்டும் முயன்று பார்க்க விழைவோரும் பலர். இம்மூன்றாம் வகையினரின் முயற்சியே கடினமானது.

ஓரிடத்துக் கல்வி மற்றோர் இடத்தில் செல்லுபடியாவது எவ்வாறு? அமெரிக்கக் கல்லூரிகளில் ஒவ்வொரு பாடத்திற்கும் ஓர் அளவு உண்டு. அதனை அந்நாட்டார் கிரெடிட் என்பர். தமிழில் பாட அலகு எனலாம். வாரத்திற்கு மூன்று மணி நேரம் வகுப்பு நடைபெறும் பாடம், ஒரு பருவத்தின் முடிவில் பெரும்பாலும் 3 அலகு பெறும். இளங்கலைப் பட்டத்திற்கு ஏறத்தாழ 120 அலகுகள் வேண்டும். நான்கு ஆண்டுகளில் ஆண்டுக்கு 30 அலகு வீதம் இவை சேர்கின்றன. எனவே, முதலாண்டை முடித்த மாணவரிடம் ஏறத்தாழ 30 அலகுகள் இருக்கும். இவையே அவர் மற்றொரு பல்கலைக்கழகத்திற்குக் கொண்டு செல்லும் கட்டுச்சோறு.

ஆனால், அக்கட்டுச்சோற்றை ஏற்பதும் மறுப்பதும் புதிய பல்கலைக்கழகத்தின் உரிமை. கணிதம், மொழி, வரலாறு போன்ற பொதுப் பாடங்கள் எளிதில் ஏற்கப்படும். ஒரு கல்லூரிக்கே உரிய தனிப் பாடங்கள் பல வேளைகளில் ஏற்கப்படுவதில்லை. குறைந்த மதிப்பெண்ணில் தேறிய பாடங்களும் அவ்வாறே. ஒரு மாணவரின் 30 அலகுகளில் 18 மட்டுமே ஏற்கப்பட்டன என்று கொள்வோம். எஞ்சிய 12 அலகுகளுக்கு ஈடாக நான்கு பாடங்களை அவர் புதிதாகப் பயிலல் வேண்டும். அதற்குரிய காலமும் கட்டணமும் அவரையே சாரும்.

இவ்விழப்பு சிறிதன்று. அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2017ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2004 முதல் 2009 வரையிலான காலத்தில் கல்லூரி மாறிய மாணவர், தாம் பெற்ற அலகுகளில் சராசரியாக 43 விழுக்காட்டை இழந்தனர் என்று அவ்வறிக்கை மதிப்பிட்டது. இஃது எல்லா வகை மாற்றங்களையும் சேர்த்துக் கண்ட சராசரியே. அரசுக் கல்லூரி ஒன்றிலிருந்து மற்றோர் அரசுக் கல்லூரிக்கு மாறியோர் இழந்தது இதனினும் குறைவு. எனினும், மாற விரும்பும் மாணவர் முதலில் கேட்டறிய வேண்டியது, 'இடம் கிடைக்குமா?' என்பது மட்டுமன்று; 'இதுவரை கற்றதில் எவ்வளவு என்னோடு வரும்?' என்பதுமாகும்.

இனி, விண்ணப்பம் ஆராயப்படும் முறையைக் காண்போம். பள்ளியிலிருந்து நேரே வரும் மாணவரிடம் பள்ளி மதிப்பெண்களே இருக்கும். கல்லூரி மாறுவோரிடம் இரண்டு சான்றுகள் இருக்கும்: ஒன்று பள்ளிப் பட்டியல், மற்றொன்று கல்லூரிப் பட்டியல். அவற்றோடு, தமக்குப் பாடம் நடத்திய பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களையும் அவர் அனுப்ப வேண்டும். ஒழுக்கக் குற்றம் எதுவுமின்றி நல்ல நிலையில் பயில்கிறார் என்று கல்லூரி அலுவலர் சான்றளிக்க வேண்டும். மாற விரும்பும் காரணத்தை விளக்கி ஒரு கட்டுரையும் எழுதல் வேண்டும்.

இங்கு மாணவர் பலர் கருதாத செய்தி ஒன்றுண்டு. அமெரிக்காவில் கல்லூரி ஆண்டு ஆகஸ்ட் அல்லது செப்டம்பர்த் திங்களில் தொடங்குகிறது. முதற்பருவம் டிசம்பரில் முடிகிறது. புகுவதற்கு அரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில், மாறுவோர் விண்ணப்பிப்பதற்குரிய கெடு மார்ச்சுத் திங்களை ஒட்டி அமைகிறது. அப்பொழுது முதலாண்டு மாணவரின் கையில் உள்ளவை ஒரே பருவத்தின் மதிப்பெண்கள்தாம். ஆதலின், முதலாண்டின் முடிவில் மாற விழைவோரை எடைபோடுவோர், பள்ளி மதிப்பெண்களையும் ஊன்றி நோக்குவர். ஈராண்டு பயின்றபின் மாறுவோர்க்கோ பள்ளிப் பட்டியலின் நிழல் குறைந்துவிடும். கல்லூரிப் பட்டியலே முன்னிற்கும். விரைந்து மாறுதலில் ஒரு நன்மையும் பொறுத்து மாறுதலில் வேறொரு நன்மையும் உள என்பது இதனால் விளங்கும்.

கட்டுரையிலும் ஒரு நுட்பம் உண்டு. தம் கல்லூரியை இகழ்ந்து எழுதுவதால் எவரும் உயர்ந்துவிடுவதில்லை. 'எனக்கு ஏன் அவ்விடம் வேண்டும்?' என்பதற்குத் தெளிவான விடை வேண்டும். குறிப்பிட்ட ஒரு பாடம், ஓர் ஆய்வுக்கூடம், ஒரு துறை எனக் காரணம் திட்பமாக அமைதல் வேண்டும். புகழ் ஒன்றையே காரணமாகக் காட்டுவோர், விருந்துக்கு வந்து வீட்டாரை விட்டு வாசற்கோலத்தையே புகழ்வாரை ஒப்பர்.

இத்துணை முயன்றாலும் வாயில் மிகக் குறுகியது. முதலாண்டு மாணவரைச் சேர்க்கும்போது ஒரு பல்கலைக்கழகம் தன் வகுப்பு முழுவதையும் நிரப்புகிறது. பின்னர் ஓரிருவர் விலகினால்தான் இடம் ஒழியும். புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களைவிட்டு விலகுவோர் சிலரே. ஆதலின், அங்கு ஒழியும் இடங்களும் சிலவே. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 1990ஆம் ஆண்டில் இவ்வாயிலை அடைத்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 2018ஆம் ஆண்டில்தான் மீண்டும் திறந்தது. அவ்வாண்டு 1,429 பேர் விண்ணப்பித்தனர். 13 பேருக்கே இடம் வழங்கப்பட்டது. ஏழைக் குடும்பத்தினர், படைப்பணி ஆற்றியோர், ஈராண்டுக் கல்லூரிகளிற் பயின்றோர் ஆகியோரை வரவேற்பதே மீண்டும் திறந்ததன் நோக்கம் என்று அப்பல்கலைக்கழகம் அறிவித்தது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் செய்தி இன்னும் சிந்திக்கத் தக்கது. அங்கு மாணவர் தங்கும் விடுதிகளில் இடநெருக்கடி மிகுந்தது. அதனால், 2008ஆம் ஆண்டில், மாறிவரும் மாணவரை ஈராண்டுக்குச் சேர்ப்பதில்லை என்று அப்பல்கலைக்கழகம் முடிவு செய்தது. அவ்வாண்டு விண்ணப்பித்தோரிடையே தகுதியுடையோர் இல்லாமற் போயினரா? இல்லை, கட்டில்கள் இல்லாமற் போயின. இடம் கிடைக்காமை எப்பொழுதும் தகுதிக் குறைவைக் காட்டுவதன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மாற்றத்தை அருமையான விதிவிலக்காகக் கொள்ளாமல், யாவரும் செல்லத்தக்க பெருவழியாக அமைத்த மாநிலம் ஒன்று உண்டு. அது கலிபோர்னியா. 1960ஆம் ஆண்டில் அம்மாநிலம் தன் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் வகுத்துச் சட்டமாக்கியது. அப்போது கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த கிளார்க் கெர் என்பார் அத்திட்டம் உருவாக முன்னின்றார். பள்ளி முடித்தோரில் மேல்நிலையிலுள்ள எட்டில் ஒரு பங்கினர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேரத் தகுதியுடையர். மேல்நிலையிலுள்ள மூன்றில் ஒரு பங்கினர் மாநிலக் கல்லூரிகளில் சேரத் தகுதியுடையர். எஞ்சிய யாவர்க்கும் ஈராண்டுச் சமுதாயக் கல்லூரிகள் திறந்திருக்கும் என்பது அதன் அமைப்பு.

இவ்வளவோடு நின்றிருந்தால், அத்திட்டம் மாணவரை மூன்று சாதியாகப் பிரித்ததாகவே முடிந்திருக்கும். அதனை வகுத்தோர் மற்றொரு விதியையும் சேர்த்தனர். சமுதாயக் கல்லூரியில் ஈராண்டு நன்கு பயின்றோர், பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேர வழி செய்யப்பட்டது. முதல் இரண்டு ஆண்டுகளில் 40 பேர் இருந்தால், மேல் இரண்டு ஆண்டுகளில் 60 பேர் இருக்கும்படி இடங்களை வகுக்க வேண்டும் என்றும் குறித்தனர். மாறி வருவோர்க்கு இடம் ஒழியட்டும் என்று காத்திராமல், அவர்களுக்கென்றே இடத்தை ஒதுக்கி வைத்தமையே இதன் சிறப்பு.

இன்று அம்மாநிலத்தில் 116 சமுதாயக் கல்லூரிகள் உள்ளன. எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்திற்கு ஈடாகும் என்னும் அட்டவணை முன்னரே வெளியிடப்படுகிறது. மாணவர் இருளில் நடக்க வேண்டுவதில்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வளாகங்களுள் ஆறு, குறித்த பாடங்களைக் குறித்த மதிப்பெண்ணுடன் முடித்த சமுதாயக் கல்லூரி மாணவர்க்கு இடம் உறுதி என்று முன்கூட்டியே எழுதித் தருகின்றன. பெர்க்கிலி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ ஆகிய வளாகங்கள் அவ்வுறுதி அளிப்பதில்லை. எனினும், ஆண்டுதோறும் சமுதாயக் கல்லூரி மாணவர் பல்லாயிரவரை அவையும் சேர்த்துக்கொள்கின்றன. பள்ளியில் பின்தங்கிய ஒருவர், வீட்டிலிருந்தே குறைந்த செலவில் ஈராண்டு பயின்று, உலகப் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் பட்டத்தைப் பெறுதல் அங்கு வியப்புக்குரியதன்று.

இவ்வாறு மாறியோர் சிலரின் வரலாறும் அறியத் தக்கது. அமெரிக்காவின் இருபத்தெட்டாம் குடியரசுத் தலைவராக விளங்கிய உட்ரோ வில்சன், 1873ஆம் ஆண்டில் வட கரோலினாவில் உள்ள டேவிட்சன் கல்லூரியிற் சேர்ந்தார். ஓராண்டு பயின்றபின் அக்கல்லூரியை விட்டு வீடு திரும்பினார். ஓராண்டுக் காலம் வீட்டிலேயே தங்கிப் படித்தார். பின்னர், 1875ஆம் ஆண்டில், இன்று பிரின்ஸ்டன் எனப் பெயர் பெற்றுள்ள கல்லூரியில் சேர்ந்தார். அங்கு அவர் மீண்டும் முதலாண்டு மாணவராகவே தொடங்கினார். 1879ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். 1902ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகத்தின் தலைவராகவே ஆனார். டேவிட்சனிற் கழிந்த ஓராண்டு அவர் பட்டத்தின் காலக் கணக்கில் சேரவில்லை. எனினும், அவர் அதனை வீணென்று எண்ணி ஓய்ந்துவிடவில்லை.

நாற்பத்து நான்காம் குடியரசுத் தலைவரான பராக் ஒபாமா, 1979ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலஸ் நகரிலுள்ள ஆக்ஸிடென்டல் கல்லூரியில் சேர்ந்து ஈராண்டு பயின்றார். 1981ஆம் ஆண்டில் நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற்கு மாறி, 1983ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அவர் முன்பு பயின்ற கல்வி அங்கு ஏற்கப்பட்டதால், நான்கு ஆண்டுகளிலேயே படிப்பு நிறைவுற்றது.

எல்லோரும் புகழ்மிக்க இடத்தை நோக்கியே மாறுகின்றனர் என்று எண்ணுதல் தவறு. பெருஞ்செல்வரான வாரன் பபெட் 1947ஆம் ஆண்டில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற வார்ட்டன் பள்ளியில் சேர்ந்தார். ஈராண்டுக்குப் பின், தம் சொந்த மாநிலத்திலுள்ள நெப்ராஸ்காப் பல்கலைக்கழகத்திற்கு மாறி, 1950ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். மேற்படிப்புக்கு விண்ணப்பித்தபோது ஹார்வர்டு வணிகப் பள்ளி அவரை ஏற்கவில்லை. அவர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தை நாடினார். முதலீட்டுக் கலையில் வல்லவரான பெஞ்சமின் கிரகாம் அங்கு ஆசிரியராக இருந்தமையே அதற்குக் காரணம். அவரிடம் கற்றதைத் தம் வாழ்நாள் முழுதும் பபெட் போற்றினார். இடத்தின் பெயரினும் ஆசிரியரின் அறிவு பெரிது என்பதை அவர் வரலாறு உணர்த்துகிறது.

புகழ்மிக்க பல்கலைக்கழகத்திற் பயின்றால் வாழ்வு உயரும் என்பது பொதுவான நம்பிக்கை. அஃது எத்துணை உண்மை? ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் என்னும் அறிஞர் இருவர் இதனை ஆராய்ந்து 2002ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். 1976ஆம் ஆண்டில் கல்லூரியில் சேர்ந்தோரின் பிற்கால வருவாயை அவர்கள் நோக்கினர். ஒத்த கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து ஒத்த முடிவுகளைப் பெற்ற மாணவரை ஒப்பிட்டபோது, அரிய கல்லூரியிற் பயின்றோரும் எளிய கல்லூரியிற் பயின்றோரும் ஏறத்தாழ ஒரே அளவு வருவாய் பெற்றிருந்தனர். உயர்வுக்கு அடிப்படை கல்லூரியின் பெயரைவிட மாணவரின் ஆற்றலும் ஊக்கமுமே என்று இதனால் தெரிகிறது. எனினும், இதற்கு ஒரு விலக்கையும் அவர்கள் கண்டனர். வறிய குடும்பத்திலிருந்து வந்த மாணவர், அரிய கல்லூரிகளிற் பயின்றதால் தெளிவான நன்மை பெற்றனர். வாய்ப்பும் தொடர்பும் வீட்டிலேயே கிடைக்கப் பெறாதவர்க்குக் கல்லூரியே அவற்றை அளிக்கிறது போலும். கதவு திறப்பதால் மிகுதியும் பயனடைவோர், வேறு கதவுகள் இல்லாதவரே.

மாறுவோர் வேறு சில இழப்புகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதலாண்டு மாணவர்க்கு மட்டும் வழங்கப்படும் உதவித்தொகைகள் பல உள்ளன. மாறி வருவோர்க்கு அவை கிடைப்பதில்லை. ஓராண்டில் மலர்ந்த நட்பு பிரிகிறது. புதிய இடத்தில் மற்றவர் ஏற்கனவே குழுக்களாகச் சேர்ந்திருப்பர். புதியவர் தனித்து நின்று பழகத் தொடங்க வேண்டும். கல்வித் தரமும் உயர்ந்து நிற்பதால், முதற்பருவத்தில் மதிப்பெண் குறைதலும் உண்டு. இவற்றைத் தாங்கும் உறுதி உடையார்க்கே மாற்றம் நன்மை பயக்கும்.

இந்தியாவில் கல்லூரி மாற்றம் இன்னும் பெருவழக்கு ஆகவில்லை. எனினும், அதற்கு வேண்டிய அடித்தளம் இடப்பட்டுள்ளது. மாணவர் ஒரு நிறுவனத்தில் பெற்ற பாட அலகுகளைச் சேமித்து வைத்து, மற்றொரு நிறுவனத்தில் பயன்படுத்திக்கொள்ள உதவும் அலகு வங்கிக்கான விதிகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2021ஆம் ஆண்டில் வெளியிட்டது. பணத்தை ஓரூர் வங்கியில் இட்டு வேறோர் ஊரில் எடுப்பதுபோல், கற்ற கல்வியையும் எடுத்துச் செல்லலாம் என்பதே அதன் கருத்து. அதுவன்றி, இளங்கலைப் பட்டத்தை ஒரு சிறு கல்லூரியில் முடித்து, நுழைவுத் தேர்வெழுதி முதுகலைக்குப் பெரிய நிறுவனத்திற் சேர்தல் இந்நாட்டில் நெடுநாளாகவே திறந்துள்ள மற்றொரு வாயிலாகும்.

எந்நாட்டாயினும், இவ்வாயில்களுக்கெல்லாம் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. இரண்டாம் வாயிலின் திறவுகோல் முதல் வீட்டினுள்ளேதான் இருக்கிறது. மாற விரும்பும் மாணவர்க்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுவோர் முதற்கல்லூரியின் ஆசிரியர்கள். அவருக்கு மதிப்பெண் அளிப்பது முதற்கல்லூரியின் தேர்வு. 'இஃது எனக்கு உரிய இடமன்று. சில திங்களில் போய்விடுவேன்' என்று பாடத்தில் மனம் பற்றாமல், ஆசிரியரோடு பழகாமல், நூலகத்தின் படியேறாமல் நாள் கழிப்பவர், புதிய இடத்தையும் பெறார். இருந்த இடத்தின் பயனையும் இழப்பர். வந்த இடத்தையே தமக்குரிய இடமாகக் கொண்டு ஊன்றிக் கற்பவர்க்கோ இரண்டு நன்மைகள் உண்டு. வாயில் திறந்தால், அவர் தகுதியோடு உள்ளே புகுவர். திறவாதொழிந்தாலும், அவர் கற்ற கல்வி அவரிடமே நிற்கும்.

ஆகவே, பள்ளித் தேர்வில் விரும்பிய இடம் கிடைக்காமை ஒரு முடிவன்று. அதனைக் கண்டு உளம் உடைதல் வேண்டா. கிடைத்த இடத்தை இகழ்தலும் வேண்டா. பிடுங்கி நடும் நாற்றும் வேர் பிடித்து வளர்ந்திருந்தால்தான் புது வயலிற் பிழைக்கும். வேர் பிடித்து வளர்தல் எங்கும் இயலும். அதனைச் செய்தபின் வேறு வயலுக்குச் செல்வதும், நின்ற வயலிலேயே கதிர் முற்றுவதும் இரண்டும் சிறப்பே.